நாற்பத்திரண்டாவது தலைக்கட்டு

எனக்குச் சந்தேக புத்தி. ஐஸ்காரன் பெட்டியைத் திறந்தால் அடியில் கிடக்கும் கட்டியைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். ரேஷன் கடையில் தராசுத் தட்டுக்குக் கீழே குனிவேன். "ஈஸ்வரி வருது, எல்லாத்தையும் நேரா வை" என்று கடைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்து, தெற்கே புகைபோக்கிகளையும் மேற்கே கும்மிடிப்பூண்டி ஷெட்டுகளையும் பார்த்து வளர்ந்தவள் நான். யாராவது "உங்க நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பித்தால் எனக்குக் காது நிமிர்ந்துவிடும்.

ஹேமநாத் எங்கள் குப்பத்துக்கு வந்த அன்று தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்தார். ஐப்பசி மாதம், தெரு முழுக்க மீன் செதிலும் சேறும். அதில் ஒரு படித்த பிள்ளை ஏன் செருப்பில்லாமல் நடக்க வேண்டும்? ஏதோ வேண்டும், அதனால்தான் இவ்வளவு பணிவு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

வேண்டியிருந்தது வானம். அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஒரு பெரிய படகை நிறுத்துவார்களாம். அதிலிருந்து கடல்நீரைப் பனியை விட மெல்லியதாக மேலே தூவுவார்களாம்.

"அதுல இருக்கற உப்பு மேகத்துல சேந்தா மேகம் இன்னும் வெளுக்கும்க்கா. வெளுத்த மேகம் வெயிலத் திருப்பி அனுப்பிடும். பூமி சூடாறத அப்படிக் கொஞ்சம் குறைக்க முடியுமான்னு பாக்கறோம். இருபது நாள் போதும்."

"மழை இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா."

"எறா, மீனெல்லாம்?"

"அதுவும் தெரியாது. தெரிஞ்சிக்கத்தான் பரிசோதனை."

தெரியாது என்று இரண்டு தடவை சொன்ன ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எல்லாம் தெரியும் என்பவனைச் சமாளித்துவிடலாம். இவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே புரியவில்லை.

"சரி, இத்த செய்யலாம், செய்யக் கூடாதுன்னு சொல்றது யாரு?"

"அதான்க்கா பிரச்சினை. இதுக்குன்னு உலகத்துல இன்னும் ஒரு முழுச் சட்டம் இல்ல. நாடுங்க பேசிக்கிட்டேதான் இருக்கு. எங்க அமைப்புல ஒரு விதி வச்சிருக்கோம். உள்ளூர் ஜனங்க ஒத்துக்கலன்னா செய்ய மாட்டோம்."

"உலகத்துக்கே முடிவு பண்ணத் தெரியலியாம், நாப்பத்தியோரு ஊட்டுக்காரங்க முடிவு பண்ணணுமாம். நல்லாக்குது நியாயம்!"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இங்கே எங்கள் ஊர்ப் 'பாடு' பற்றிச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டி இறால் விழுகிற இடங்கள் மூன்று. யார் வேண்டுமானாலும் போய் அங்கே வலை கட்டிவிட முடியாது. கல்யாணமான ஆண் தலைமையில் இருக்கும் குடும்பம் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி, வருகிற வரிசைப்படி, இடத்துக்கு ஒருவராக, ஆளுக்கொரு நாள் வலை கட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. தன் முறை வந்த நாளில் அந்த இடத்துத் தண்ணீர் அவனுக்குத்தான் சொந்தம். வேறு யாரும் துடுப்பைக்கூட நனைக்க முடியாது.

எங்கள் வீட்டுப் பாடு என் கணவர் பூவராகவனுடையது. ஆனால் மூன்று வருஷமாக அவர் வலையைத் தொடவில்லை. வலை இல்லாத மாதங்களில் ஒரு இரும்பு உருக்கும் ஷெட்டுக்குக் கூலி வேலைக்குப் போனவர், வலது கையில் மூன்று விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அவருக்குப் பதிலாக அவர் தம்பி அன்புசெல்வன் எங்கள் முறைக்கும் போய் வலை கட்டி, விழுவதில் பாதியைக் கொண்டுவந்து தருவான். முடியாதவனுக்குப் பதில் இன்னொருவன் போகலாம் என்பது ஊர் வழக்கம். அந்தப் பாதியில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. பொன்னேரியில் நர்சிங் படிக்கும் எங்கள் ஒரே மகள் ரம்யாவின் படிப்பும் அதில்தான் ஓடியது.

ஹேமநாத் கேட்ட இருபது நாளைப் பற்றிப் பேச ஊர்க்கூட்டம் போட்டார்கள். அதற்கு முதல் நாள் சாயங்காலம் மீன் ஆய்ந்துகொண்டே என் கணவரிடம் சொன்னேன்.

"வாணாம்னு சொன்னா வேற வழியா வருவாங்க. சரின்னு சொன்னா இருபது நாளு இருநூறு நாளாவும். நம்ம சீட்டுக்குள்ள போட்ருய்யா அவங்கள. ஒரு தலைக்கட்டு மாதிரி. அவங்க மொற வர்ற அன்னிக்கு மட்டும் தூவட்டும். பதினாலு நாளைக்கு ஒரு வாட்டி. ஊருக்கு அடங்கினு இருப்பாங்க."

"நல்லாத்தான்மே இருக்குது" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் அதைத் தன் யோசனையாகச் சொன்னார். எங்கள் தலைவர் பச்சையப்பன் மாமா தொடையில் தட்டி ஆமோதித்தார். ஹேமநாத்துக்கோ முகமெல்லாம் பல். இப்படி ஒரு முறை உலகத்தில் எங்குமே இல்லை என்று சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டார். நாற்பத்திரண்டாவது தலைக்கட்டாக அவர்களுடைய அமைப்பைச் சேர்ப்பதாகக் காகிதம் எழுதி, பச்சையப்பன் மாமா கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

காகிதத்தில் எது வரைக்கும் என்று யாருமே எழுதவில்லை. ஹேமநாத் ஒரு பருவம் என்றுதான் வாயால் சொன்னார். எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. கெடு வைத்துப் பாடு கொடுக்கிற பழக்கம் எங்கள் ஊரில் ஏது? பாடு என்றால் வீடு இருக்கும் வரை பாடு. தராசுத் தட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கும் நானே அதைப் பார்க்கத் தவறினேன்.

அந்தப் பருவம் முழுக்க அவர்கள் நடந்துகொண்ட விதத்தில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கள் முறை தவிர ஒரு நாளும் தூவவில்லை. ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் முடியும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அப்படி ஒரு சாவு அவர்கள் முறையன்று விழுந்தபோது படகை அணைத்துவிட்டு, மாலையோடு வந்து நின்றார்கள். முகத்துவாரம் மணல் மூடியபோது தலைக்கட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும் என்பது விதி. அவர்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து இருபது பேரை வேனில் கூட்டி வந்தார்கள். எங்கள் ஆட்களே பாதிப்பேர் வராத நாள் அது.

"நம்மாளுங்கள விட இவனுங்க தேவலாம்டா" என்று ஊரே பேசிக்கொண்டது.

ஒரு விதியைக்கூட மீறாதவன் எதற்காகவோ காத்திருக்கிறான் என்றே எனக்கு மட்டும் தோன்றியது.

இன்னொன்றும் இருந்தது. தூவிய மறுநாள் எல்லாம் நான் விற்க உலர்த்தும் கருவாடு சரியாகக் காயவில்லை. இரண்டு நாளில் மொறமொறவென்று ஆகிற காரப்பொடி மீன், மூன்றாம் நாளும் கையில் பிசுபிசுத்தது. ஹேமநாத்திடம் போய்ச் சொன்னேன். கருவியைப் பார்த்து, வெயில் குறைந்தது மிகக் கொஞ்சம்தான், அதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். ஆனால் நான் சொன்னதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார். அந்த ஒரு தடவை அவரை நம்பலாமோ என்று தோன்றியது உண்மை.

பங்குனியில் அவர்கள் போய்விட்டார்கள். அடுத்த ஐப்பசியில் ஹேமநாத் திரும்பி வந்தபோது செருப்பு காலிலேயே இருந்தது. கூட ஒரு பெண். பெயர் ஷைனி. முப்பது வயதிருக்கும், கையில் தோல் பை, வாயில் இனிப்பான பேச்சு. தங்கள் அமைப்புக்கு நிதி நின்றுவிட்டது, படகையும் பொறுப்பையும் இவர்களுடைய கம்பெனி எடுத்துக்கொண்டது என்று ஹேமநாத் தரையைப் பார்த்தபடி சொன்னார். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஷெட் போட்டிருக்கிறார்களாம்.

"இவங்களும் ஆராய்ச்சியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றார். பொய் சொல்ல வராத மனிதர். "மேகத்த வெளுக்க வச்சு இவ்வளவு குளிர்ச்சி உண்டாக்கினோம்னு சான்றிதழ் போட்டு விப்பாங்க. வெளிநாட்டுல புகை விடற கம்பெனிங்க அத வாங்கிக்கும்."

"அவங்க அங்க புகைய உடுவாங்க, அதுக்கு எங்க மேகத்துக்கு வெள்ளையடிப்பீங்களா?"

பதிலை ஷைனிதான் சொன்னாள். "புதுசா ஒண்ணுமே இல்லக்கா. நீங்க குடுத்த பாட்டுல, உங்க விதிப்படியே செய்யப் போறோம்."

விதிப்படியேதான் செய்தார்கள். ஊர் வழக்கப்படி ஒருவன் தன் முறையை இன்னொருவனிடம் விட்டுக்கொடுக்கலாம் அல்லவா? வீடு வீடாகப் போய், உங்கள் முறையை எங்களிடம் விடுங்கள், வலை கட்டினால் கிடைப்பதை விடக் கூடவே தருகிறோம் என்றாள். முதலில் ஒரு வீடு ஒத்துக்கொண்டது. கார்த்திகை முடிவதற்குள் எட்டு வீடு. முறை விட்டவர்கள் குளிர்காலத்தில் பத்து மணிவரை போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். முகத்துவாரத்தில் வாரத்துக்கு நான்கு நாள் அந்தப் படகு நின்று வெள்ளையாக ஊதிக்கொண்டிருந்தது. முறை விடாத வீடுகள் இறால் குறைந்துபோச்சு என்று முறை விட்ட வீடுகளைத் திட்டின. மழை தள்ளிப் போனால் அந்தப் படகு, பெய்தால் அந்தப் படகு. யாருக்கும் நிச்சயமாக எதுவும் தெரியவில்லை. யார் எவ்வளவு வாங்கினான் என்று ஒருவரை ஒருவர் வேவு பார்க்க ஆரம்பித்தார்கள். குப்பத்திலேயே சந்தேகக்காரி நான் ஒருத்திதான் என்ற பெயர் போய்விட்டது. இப்போது வீட்டுக்கு ஒரு ஈஸ்வரி.

ஆனால் பழி என்னவோ எங்கள் வீட்டு வாசலில்தான் விழுந்தது. அவர்களைச் சீட்டுக்குள் போடச் சொன்னது பூவராகவன்தானே, அவனுக்கு எவ்வளவு டப்பு கைமாறியதோ என்று குழாயடியில் என் காது படவே பேசினார்கள். நான் குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்குப் போனேன். சண்டையில் ஜெயித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். யோசனை என்னுடையதல்லவா!

தை முதல் ஞாயிற்றுக்கிழமை பச்சையப்பன் மாமா கூட்டம் போட்டார். வலைக்கொட்டகையில் நாற்பத்தியோரு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்திரண்டாவது தலைக்கட்டாக, முன்வரிசையில், சம்மணம் போட்டு ஷைனி உட்கார்ந்திருந்தாள். நான் பிறந்த ஊர், நான் வாழ்க்கைப்பட்ட ஊர், இரண்டும் இதுதான். அந்தக் கொட்டகையில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நாங்கள் எல்லாம் வெளியே, வெயிலில், கழிகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"கம்பெனிய எடுத்துடணும்னு ஊருல பேசிக்கிறாங்கம்மா. நீ இன்னா சொல்றே?" என்று மாமா ஷைனியிடம் கேட்டார்.

"எந்த விதிய நாங்க மீறினோம், சொல்லுங்கய்யா?"

மாமா தாடையைத் தடவிக்கொண்டார். தப்பு செய்யாத தலைக்கட்டின் பாட்டை எடுத்ததாக எங்கள் ஊரில் சரித்திரமே கிடையாது. இன்று ஒருவனை எடுத்தால் நாளைக்கு யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஆகிவிடும். அது உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

அன்புசெல்வன்தான் எழுந்தான். "நீங்க தண்ணில எறங்கறதே இல்லியே. கூலிக்கு ஆள வச்சுத்தானே படகு ஓட்றீங்க? தானே எறங்காதவனுக்கு எதுக்குப் பாடு?"

ஷைனி அவனைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். அந்தக் கேள்விக்கு அவள் வீட்டிலேயே பதில் தயார் செய்து வந்திருந்தாள் என்று எனக்கு உடனே தெரிந்தது.

"அண்ணா, உங்க அண்ணன் மூணு வருஷமா எறங்கலியே. நீங்கதான போறீங்க? அவரு பாடு இருக்குதுல்ல? அவருக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?"

நாற்பது தலைகளும் என் கணவர் பக்கம் திரும்பின. ஒருத்தர் கண்ணிலும் இரக்கம் இல்லை. இதற்காகத்தான் இவன் அவர்களை உள்ளே விட்டானா, இவன் பாட்டுக்கு அவர்கள் காவல், அவர்கள் பாட்டுக்கு இவன் காவலா என்று அந்தக் கண்கள் கேட்டன. அவர் மூளிக்கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் எழும்பியது. ஷைனி மேலா, ஊர் மேலா, அந்தக் காகிதத்தைக் கவனிக்காத என் மேலேயா, தெரியவில்லை. ரம்யாவின் முகம் கண்ணில் வந்தது. இன்னும் ஒன்றரை வருஷம் படிப்பு பாக்கி. வாயை மூடிக்கொண்டு நிற்க எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது.

"அப்போ ரெண்டு பாட்டையும் எடுங்க!" என்று கத்தினேன்.

"ஈஸ்வரி, பொம்பளைங்க..." என்று யாரோ ஆரம்பித்தார்.

"அதோ உக்காந்துகினு இருக்குதே, அது ஆம்பளையா? நான் பேசுவேன். மாமா, இன்னிலேர்ந்து புது விதி போடுங்க. ஊட்டு ஆளு தண்ணில எறங்கலன்னா அந்த ஊட்டுக்குப் பாடு கெடையாது. ஒருத்தன் மொறைய இன்னொருத்தன்கிட்ட உடவும் கூடாது. ஊருல எறங்க சொந்த ஆளு இல்லாத ஊடு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு அவங்க. இன்னொண்ணு நாங்க."

மாமா என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தார். "பூவராகவா, உன் பாடு. நீ சொல்லணும். உன் ஊட்டுல வேற ஆம்பள இல்லியே. போனா போனதுதான்டா, திரும்ப வராது."

அவர் வெளியே நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அவரைக் கேட்காமல் அவருடைய சோற்றை நான் எடுத்துப் போட்டிருக்கிறேன். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எடுத்துருங்க மாமா" என்றார். "அவ சொன்னதுதான்."

முறையை விட்ட எட்டு வீட்டுக்காரர்களில் மூத்தவரும், ஊரின் ஒரே கிறிஸ்தவக் குடும்பத்துத் தலைவருமான எபினேசர் முதலில் கையைத் தூக்கினார். மற்ற ஏழு பேரும் தலையைத் தொங்கப் போட்டபடி தூக்கினார்கள். அதன் பிறகு கொட்டகையில் தூக்காத கை ஷைனியுடையது மட்டும்தான்.

மாமா இரண்டு சீட்டுகளை எடுத்துக் கிழித்தார். பாடு இல்லாதவர்கள் கொட்டகையில் உட்காரக் கூடாது. கல்யாணமான வருஷத்திலிருந்து, இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்த இடத்திலிருந்து என் கணவர் இடது கையை ஊன்றி எழுந்தார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயடியில் டப்பு வாங்கினான் என்று பேசியவளின் புருஷன் எழுந்து வழிவிட்டான்.

ஷைனியும் எழுந்தாள். அவளுக்குக் கோபமே இல்லை. என் பக்கத்தில் வந்து பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"உங்கள நெனைச்சா பாவமா இருக்குக்கா. வடக்க, ஆந்திரா பக்கம் ஒரு ஊருல போன வாரமே பேசி முடிச்சிட்டோம். அங்கயும் பாடு முறைதான். நாளைக்கு எழுதிக் குடுக்கறாங்க."

அதுவும் இதே ஏரிதான். இந்த மாதங்களில் காற்று அங்கிருந்துதான் இங்கே வீசுகிறது. அங்கே வெளுக்கிற மேகம் எல்லைக்கோட்டில் நின்று, தமிழ்நாட்டுக்குள் வரலாமா என்று கேட்டுக்கொண்டா வரும்? அவள் காரில் ஏறிப் போய்விட்டாள். வெறும் காற்றுக்காகவா என் பெண்ணின் படிப்பைத் தூக்கிக் கொடுத்தேன்?

என் கணவர் வந்து என் பக்கத்தில் நின்றார். ஷைனி சொன்னது அவர் காதிலும் விழுந்திருந்தது.

"என்னிய அடிச்சுடுய்யா" என்றேன்.

"அந்தப் பக்கத்து ஊருங்கள்ல உனுக்கு யாராச்சும் பழக்கம் இருக்குதா?"

"ஆரம்பாக்கம் சந்தைக்குக் கருவாடு விக்க வருவாளே, பிரேமா. அவ அந்தப் பக்கம்தான். எந்த ஊருன்னு விசாரிச்சுச் சொல்லிடுவா."

"போன் போடு. நாளைக்கு எழுதறதுக்கு முன்னாடி சொல்லணும்."

நான் போனில் அவள் எண்ணைத் தேடி எடுத்தேன். "இன்னான்னு சொல்லட்டும்?"

அவர் துண்டுக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்து, என் கையிலிருந்த போனைத் தாங்கிப் பிடித்தார்.

"பாடு குடுக்காதீங்கன்னு சொல்லு. குடுத்துட்டா, திரும்ப எடுக்கறதுக்கு நம்ம ஊடு மாதிரி ஒரு ஊடு வோணும்னு சொல்லு."